விஞ்ஞானக் கதைகளும் நாமும்

முன்னுரை

கதைப் புத்தகம் என்றாலே முகம் சுளிக்கும் பெரியோர் சிலர் உண்டு. அதிலும் இயந்திர மனிதன், பறக்கும் தட்டு, காலத்தைக் கடக்கும் ஊர்தி என்றெல்லாம் வரும் விஞ்ஞானக் கதையைக் கையில் எடுத்தால், "இதெல்லாம் நடக்கிற காரியமா? போய்ப் பாடத்தைப் படி" என்ற அறிவுரை உடனே வந்துவிடும். ஆனால் நடக்காத காரியத்தை முதலில் ஒருவர் எண்ணிப் பார்த்ததால்தான் பின்னர் அது நடக்கும் காரியமாக மாறியது என்பதற்கு உலகில் சான்றுகள் பல. ஆகவே விஞ்ஞானக் கதை என்பது யாது, அதன் கிளைகள் எவை, அது நம் வாழ்வில் என்ன மாற்றம் செய்தது, அதிலே பெண்ணுக்கு எந்த இடம் தரப்பட்டது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

விஞ்ஞானக் கதை யாது?

மாயக் கம்பளத்தில் ஏறி ஒருவன் பறந்தால் அது மாயக் கதை. எரிபொருளும் பொறியும் கொண்ட ஓர் ஊர்தியில் ஏறி அவன் பறந்தால் அது விஞ்ஞானக் கதை. முன்னதில் 'எப்படி?' என்று நாம் கேட்பதில்லை. பின்னதில் அக்கேள்விக்கு ஆசிரியர் விடை சொல்லியே ஆகவேண்டும். அத்துடன் 'இப்படி ஒரு பொறி வந்தால் மனிதரின் வாழ்வு என்ன ஆகும்?' என்ற இரண்டாம் கேள்வியும் அதிலே எழும். இந்த இரண்டாம் கேள்வியே விஞ்ஞானக் கதையின் உயிர்நாடி எனலாம்.

பொறிகளைப் பற்றிய கற்பனை தமிழருக்குப் புதிதன்று. நம் மதுரை மாநகரின் மதிலிலே தானே வளைந்து அம்பு எய்யும் வில்லும், கல்லை வீசும் கவணும், குரங்கின் உருவில் பகைவர் மீது பாயும் பொறியும் இருந்தனவாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியிலோ வானில் பறக்கும் மயிற்பொறியே வருகிறது. வலப்பக்கம் திருகினால் மேலே எழும். இடப்பக்கம் திருகினால் தரையில் இறங்கும். அதைச் செலுத்தக் கற்றுக்கொண்டவள் யார்? மன்னன் சச்சந்தன் அல்லன். அவன் மனைவி விசயை! கட்டியங்காரனின் சூழ்ச்சியால் நாடு பறிபோகும் வேளையில், நிறைமாதக் கர்ப்பிணியான விசயை அம்மயிலில் ஏறித் தப்புகிறாள். சுடுகாட்டில் இறங்கிய அவளுக்கு அங்கேயே சீவகன் பிறக்கிறான்.

இதைக் காட்டி, "அக்காலத்திலேயே தமிழர் விமானம் செய்தனர்" என்று பெருமை பேசுவோர் உண்டு. அது முறையன்று. காவியம் வரலாற்றுச் சான்றாகாது. ஆனால் ஒரு பெண்ணின் விரல் பொறியைத் திருக, அது வானில் எழும்பும் என்று ஒரு தமிழ்ப் புலவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்தார் என்பது மட்டும் உண்மை. அந்தப் பெருமை நமக்குப் போதும்.

முதற்கிளை: இயந்திர மனிதன்

1815-ஆம் ஆண்டு இந்தோனேசியத் தீவுகளில் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் புகையும் தூசியும் வானை மறைக்க, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைபட்டிருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தனர். அவர்களுள் ஒருத்தி மேரி ஷெல்லி. வயது பதினெட்டு, நம்மைவிட மூன்றே வயது மூத்தவள். அவள் எழுதத் தொடங்கியதே 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் நாவல். உயிரற்ற உடலுக்கு உயிர் கொடுத்த ஒரு மாணவன், தான் படைத்ததைக் கண்டு தானே அஞ்சி அதைக் கைவிட்டு ஓடுகிறான். கைவிடப்பட்ட அந்த உயிர் கொடியதாகிறது. பெற்றதோடு கடமை தீராது, பேணி வளர்க்கவும் வேண்டும் என்பதே அந்நாவலின் சாரம். 1818-இல் வெளிவந்த முதற்பதிப்பில் ஆசிரியர் பெயரே இல்லை. 1823-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் மேரியின் பெயர் இடம்பெற்றது. உலகின் முதல் விஞ்ஞான நாவல் என்று பலரும் போற்றும் நூலை எழுதியவர் ஓர் இளம்பெண் என்பதை நாம் மறக்கலாகாது.

'ரோபோ' என்ற சொல் 1920-இல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய நாடகத்தில் பிறந்தது. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லே அதற்கு வேர். 1942-இல் ஐசக் அசிமோவ், இயந்திர மனிதன் மனிதருக்குத் தீங்கு செய்யலாகாது என்பதை முதலாகக் கொண்டு மூன்று விதிகளைத் தம் சிறுகதையில் வகுத்தார்.

நம் தமிழில் 2010-இல் வந்த 'எந்திரன்' திரைப்படத்தை அறியாதவர் இல்லை. அதிலே ஒரு காட்சி சிந்திக்கத் தக்கது. தீயில் சிக்கிய ஒரு பெண்ணை இயந்திர மனிதன் காப்பாற்றுகிறான். ஆனால் அவளுடைய நாணத்தை அறியாமல் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறான். மனமுடைந்து ஓடிய அப்பெண் வாகனத்தில் அடிபட்டு உயிர் துறக்கிறாள். பலமும் வேகமும் அறிவும் இருந்தும் பிறர் மனம் அறியாவிடில் பயன் என்ன? இக்கேள்வி இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று.

இன்று நம் மதுரையிலேயே இக்கிளை கனிந்திருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கிராம மக்கள் யாவரும் அறிவர். சர்க்கரை நோயினால் விழித்திரையில் ஏற்படும் கேட்டைப் புகைப்படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் கணினி முறையை உருவாக்க அம்மருத்துவமனையின் படங்களும் உதவின. பின்னர் அம்முறை மதுரையிலேயே நோயாளிகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. கெட்ட இயந்திர மனிதனைக் கதைகளில் பார்த்து நடுங்கிய நாம், கண்ணொளியைக் காக்கும் நல்ல இயந்திரத்தை நம் ஊரிலேயே காண்கிறோம். ஆயினும் அது சொல்வதைக் கேட்டு, நோயாளியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல ஒரு மனிதர் தேவைப்படத்தான் செய்கிறார்.

இரண்டாம் கிளை: காலப் பயணம்

1895-இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 'கால இயந்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். அதன் பின்னர் காலத்தில் முன்னும் பின்னும் செல்லும் கதைகள் எண்ணற்றவை தோன்றின. தமிழில் 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016) ஆகிய படங்கள் இவ்வகையின. நேற்று நடந்த ஒரு சிறு செயலை மாற்றினால் இன்றைய நாளே மாறிவிடும் என்பதே இக்கதைகள் சொல்லும் பாடம். நேற்றைய நாளைத் திருத்த நம்மால் இயலாது. நாளைய நாளுக்கோ இன்றுதான் 'நேற்று' என்பதை எண்ணினால், ஒவ்வொரு நாளையும் வீணாக்காமல் வாழத் தோன்றும்.

வெல்ஸ் தம் நாவலை வெளியிட்ட அதே 1895-இல் நம் மண்ணிலும் ஒரு கனவு நனவாயிற்று. மேற்கு நோக்கிப் பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்று நீரை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வறண்டு கிடந்த வைகைச் சமவெளிக்குத் திருப்பிய முல்லைப் பெரியாறு அணை அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டது. இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே இதை ஆராய்ந்தார் என்பர். ஆற்றின் திசையை மாற்றுவதா என்று அன்று கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஏறத்தாழ நூறாண்டு கழித்துப் பொறியாளர் பென்னிகுயிக் அதைச் செய்து காட்டினார். அவ்வேலையில் காய்ச்சலாலும் காலராவாலும் மாண்ட தொழிலாளர் பலர். மேலூர்ப் பக்கத்து வயல்களில் நெற்கதிர் தலைசாய்ந்து நிற்கும்போது, அது கனவு கண்டவரையும் உயிர் கொடுத்தவரையும் வணங்கி நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் கிளை: விண்வெளியும் அயலுலகமும்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1865-இல் வெளிவந்த தம் நாவலில் மூன்று பேரை அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து சந்திரனை நோக்கி அனுப்பினார். 1969-இல் அப்பல்லோ 11 விண்கலம் மூன்று பேருடன் அதே புளோரிடாவிலிருந்தே புறப்பட்டது! நம் அண்டை நாடான இலங்கையில் 1956 முதல் 2008-இல் இறக்கும்வரை வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1945-லேயே ஒரு கட்டுரை எழுதினார். பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஏற்பச் சுற்றும் செயற்கைக்கோள்களை நிறுத்தினால், உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று அதில் விளக்கினார். இன்று குக்கிராமத்துக் கூரையிலும் காணப்படும் தொலைக்காட்சித் தட்டு அத்தகைய கோளை நோக்கியே திரும்பியிருக்கிறது.

அயலுலகத்தார் படையெடுத்து வரும் கதைக்கு வழிகாட்டியதும் வெல்ஸ் 1898-இல் வெளியிட்ட நாவலே. செவ்வாய் கிரகத்தார் ஆயுதங்களுடன் வந்து இங்கிலாந்தை அழிக்கின்றனர். ஐரோப்பியர் டாஸ்மேனியத் தீவின் பழங்குடியினருக்கு இழைத்த கொடுமையை அந்நாவலின் தொடக்கத்திலேயே வெல்ஸ் நினைவூட்டுகிறார். பிறர் நாட்டை அடிமை கொண்டவர்களிடம், 'உங்களுக்கு இப்படி நேர்ந்தால்?' என்று கேட்பதற்கு ஒரு கதை பயன்பட்டது. அடிமைப்பட்டிருந்த நாட்டின் மக்களாகிய நமக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

நான்காம் கிளை: நாளைய சமுதாயம்

எதிர்காலத்தில் ஒரு நாடு எப்படி இருக்கும் என்று காட்டுவது இக்கிளை. சில கதைகள் நல்ல நாட்டைக் காட்டி ஆசையூட்டும். சில கதைகள் கெட்ட நாட்டைக் காட்டி எச்சரிக்கும்.

தமிழில் எச்சரிக்கைக் கதைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'. எழுதியவர் சுஜாதா. இவரது இயற்பெயர் ரங்கராஜன்; தம் மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டவர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு கொண்டவர். அந்நாவலில் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில், குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டும். காணாமற்போன கணவனைத் தேடும் நிலா என்னும் சாதாரணக் குடும்பப் பெண்ணுக்குத் துணையாக, புத்தகம் படிக்கும் ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி வருகிறது. இல்லங்களில் வாரந்தோறும் காத்திருந்து படித்த அந்தத் தொடர், கணினியைக் கண்ணால் காணாத குடும்பங்களிலும் கணினியைப் பற்றிப் பேச வைத்தது. 'ஏன்? எதற்கு? எப்படி?' என்ற கேள்வி பதில் பகுதியின் மூலமும் சுஜாதா விஞ்ஞானத்தைச் சமையலறை வரை கொண்டுவந்தார். 2008-இல் அவர் மறைந்தார்.

ஆசையூட்டும் கதைக்கு எடுத்துக்காட்டு அதைவிடப் பழையது. அதுவும் சென்னையில் அச்சேறியது என்பதை அறியும்போது வியப்பு மேலிடுகிறது. கமலா சத்தியநாதன் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி 1901-இல் சென்னையில் பெண்களுக்காக ஓர் ஆங்கில இதழைத் தொடங்கினார். அதிலே 1905-இல் 'சுல்தானாவின் கனவு' என்னும் சிறுகதை வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன். பள்ளிக்கு அனுப்பப்படாமல், அண்ணன் துணையுடன் வீட்டிலேயே இரவு நேரத்தில் ஆங்கிலம் கற்றவர் அவர்.

அவர் கண்ட கனவு நாட்டை ஆள்வது பெண்கள். அங்கே பெண்களுக்கெனப் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒன்றின் மாணவியர் மேகத்திலிருந்து நேரே நீரை எடுக்கக் கற்றனர். மற்றொன்றின் மாணவியர் சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கக் கற்றனர். அந்த வெப்பத்தைக் கொண்டே சமையலும் நடக்கிறது. பெண்கள் வான ஊர்தியில் பயணம் செய்கின்றனர். இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் செய்யலாகாது என்பது அரசியின் ஆணை. இந்தியாவில் பெண்ணின் திருமண வயது பதினான்கு என்று சட்டம் சொன்னதே 1929-இல்தான் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கின்றனர். 'இது அநியாயம் அல்லவா?' என்று படிப்பவர் கேட்கலாம். அநியாயமே. அந்நாளில் பெண்கள் அப்படித்தான் அடைபட்டிருந்தனர் என்பதைக் கண்ணாடியில் காட்டுவதற்காகவே அவர் அவ்வாறு எழுதினார். ரொக்கேயா கதையோடு நிற்கவில்லை. 1911-இல் கல்கத்தாவில் எட்டுச் சிறுமியருடன் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தத் தொடங்கினார்.

கதையில் பெண்ணின் இடம்

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கதையில் பொறி இருக்கிறது. அதை இயக்கும் கை யாருடையது?

1963-இல் வெளிவந்த 'கலை அரசி' என்னும் தமிழ்ப் படத்தில் வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வருகின்றனர். தங்கள் உலகில் கலை இல்லாததால், பாட்டும் நடனமும் கற்றுத்தர ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கின்றனர். பின்னர் கதாநாயகன் சென்று அவளை மீட்கிறான். கலையில் சிறந்தவள் என்று பெண்ணைப் போற்றியது நன்றே. ஆனால் அவள் விண்வெளிக்குப் போனது தன் விருப்பப்படியும் அன்று, தன் கையால் ஊர்தியைச் செலுத்தியும் அன்று. அதே 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சோவியத் நாட்டின் வாலெந்தினா தெரஷ்கோவா தனியாளாக விண்கலத்தில் சென்று பூமியை 48 முறை சுற்றி வந்தார். அவர் அதற்கு முன் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். மதுரையிலும் ஆலைச் சங்கொலி கேட்டு எழுந்து வேலைக்குச் சென்ற குடும்பங்கள் பல. அவ்வீட்டுப் பெண்களும் அண்ணாந்து பார்க்கலாம் என்று அந்தச் செய்தி சொல்லியிருக்கும்.

'எந்திரன்' படத்தில் கதாநாயகி படித்தவள். ஆயினும் விஞ்ஞானியும் இயந்திர மனிதனும் போட்டியிடும் பொருளாகவே கதை அவளை நடத்துகிறது. ஆய்வுக்கூடத்தின் சாவி அவள் கையில் இல்லை. இதைக் குறையாகச் சொல்வதால் அப்படத்தை வெறுக்கிறோம் என்பதில்லை. விரும்பிப் பார்த்ததால்தான் கேட்கிறோம்.

கதை பின்தங்கினாலும் வாழ்க்கை முன்னே சென்றுவிட்டது. 2019-இல் ஏவப்பட்ட சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் மு. வனிதா. 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி. அவர் பிறந்த செங்கோட்டை, மதுரையிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய் வரும் தூரந்தான். சூரிய வெப்பத்தை ஆராயும் பெண்களை ரொக்கேயா 1905-இல் கனவில் கண்டார். சூரியனையே ஆராயும் பெண்ணை நாம் செய்தித்தாளில் கண்டோம்.

நாம் செய்ய வேண்டியவை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன் நம் இல்லங்கள் தோறும் ஒரு பேச்சு எழும். "பெண் பிள்ளைக்கு முதல் குரூப் எதற்கு? கணக்கும் பௌதிகமும் கடினம், எளிதானதை எடுக்கட்டும்" என்பர் உறவினர் சிலர். அவர்கள் நம் மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். ஆய்வுக்கூடத்தில் நிற்கும் ஒரு பெண்ணை அவர்கள் கதையிலும் கண்டதில்லை, அவ்வளவே. கண்டிராத ஒன்றை எவரும் எதிர்பார்ப்பதில்லை. விஞ்ஞானக் கதை ஒரு சமுதாயத்துக்குச் செய்யும் பெரிய உதவி இதுவே: இதுவரை காணாத ஒன்றைக் கண்டு பழகிவிடச் செய்கிறது. ஆகவே பெற்றோர்களும் இத்தகைய நூல்களை நம்முடன் சேர்ந்து படிக்க வேண்டுமென வேண்டிக்கொள்கிறோம். எளிதென்பதற்காக ஒரு பாடத்தை எடுப்பதும் வேண்டாம். பெருமைக்காக ஒரு பாடத்தை எடுப்பதும் வேண்டாம். விருப்பமும் முயற்சியும் உள்ள பெண்ணை, பெண் என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்காதிருந்தால் போதும்.

மாணவியராகிய நாமும் சும்மா இருத்தலாகாது. வைகையில் மணல் மட்டும் தெரியும் கோடையில், மேகத்திலிருந்து நீர் எடுத்த அந்தக் கனவு நாட்டு மாணவியரை நினைக்கலாம். நம் தெருவுக்கு எது வேண்டும், அதை எப்படிச் செய்யலாம், செய்தால் யாருக்கு நன்மை, யாருக்குத் துன்பம் என்று நாமே ஒரு கதை எழுதிப் பார்க்கலாம். பூமி நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். அந்த இல்லத்தைக் கெடுக்கும் பொறியையா, காக்கும் பொறியையா, எதை நாம் கற்பனை செய்யப் போகிறோம்?

முடிவுரை

இயந்திர மனிதன், காலப் பயணம், அயலுலகம், நாளைய சமுதாயம் எனக் கிளைகள் நான்கைக் கண்டோம். கிளைகள் வேறாயினும் வேர் ஒன்றே. 'இப்படியும் இருக்கலாமே' என்று எண்ணும் ஆற்றலே அவ்வேர். அது இறைவன் மனிதருக்கு மட்டும் அளித்த கொடை. ஆணுக்கென்று ஒரு பங்கும் பெண்ணுக்கென்று ஒரு பங்கும் அளந்து கொடுத்ததன்று. மேரி ஷெல்லிக்கு வயது பதினெட்டு. ரொக்கேயாவுக்குப் பள்ளிக்கூடமே கிட்டவில்லை. நமக்கோ பள்ளி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, கற்பிக்க அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் இருக்கின்றனர். எனவே தோழியரே, அடுத்த முறை ஒரு விஞ்ஞானக் கதையைப் படித்தாலும், படம் பார்த்தாலும், மயிற்பொறியில் ஏறிய விசயையை நினைத்துக்கொண்டு, 'இதை இயக்குபவர் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். விடை நமக்குப் பிடிக்கவில்லையென்றால், அடுத்த கதையை நாமே எழுதுவோம்.